வழுக்கைக் கைக்காரர்

கடைக்காரர் பெட்டியைப் பிரிப்பதற்குள் வாங்க வந்தவர் தன் இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டார். "ம், கரண்ட்டைப் போடுங்க" என்றார். மாட்டுக்கு முடி வெட்டும் கிளிப்பர் உறுமத் தொடங்கியதும் அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடினார். அதிர்வு பார்க்கிறாராம். பிறகு காதோரம் கொண்டுபோனார். அது சத்தம் பார்ப்பதற்கு. கடைசியாக மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஓர் இழு இழுத்தார். பிளேடு பிடுங்குகிறதா, சுடுகிறதா என்பதும் தெரிந்துவிட்டது.

"நல்ல மெஷின்தான். ஆனா மேடத்துக்குச் சரிப்படாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த முடியை ஊதினார். அது போய்க் கல்லாவில் இறங்கியது.

"அடுத்ததைப் பிரிக்கட்டுமாண்ணே? இல்ல, கையிலே எடம் தீர்ந்துபோச்சா?" என்றார் கடைக்காரர்.

தீர்ந்துபோன மாதிரிதான். கடை கடையாக ஏறி இறங்கியதில் அவருடைய இடது கை கத்தரிக்காய் போல வழவழவென்று ஆகிவிட்டது. வலது கையிலோ அடர்ந்த காடு. தெருவில் அவருக்கு வழுக்கைக் கைக்காரர் என்று பெயர் விழுந்தது. முதலில் முறைத்தார். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்க்கிறார்.

ஆனால் மீசையில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது. கன்னத்தில் மெஷினை வைக்கும்போதே இன்னொரு கையால் மீசையைப் பொத்திக்கொள்வார். மீசையா அது! இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கி, எண்ணெய் தடவி, சட்டைப் பையில் அதற்கென்றே ஒரு குட்டிச் சீப்பு வைத்துப் பராமரிக்கிறார். "என் கூந்தலுக்குக்கூட இவ்வளவு எண்ணெய் செலவில்லை" என்பது மனைவியின் புகார்.

மேடம் என்பவர் பசு. கொட்டகையில் இருக்கும் மற்ற மாடுகளையெல்லாம் வா, போ என்று விரட்டுகிறவர், இவரை மட்டும் "வாங்க மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்" என்பார். நாமும் மரியாதையாகவே எழுதிவிடுவோம், எதற்கு வம்பு? முன்பொரு முறை கூலிக்கு முடி வெட்ட வந்த ஆள், சூடேறிப்போன பிளேடை மேடத்தின் வயிற்றில் வைத்துவிட்டான். அதிலிருந்து கிளிப்பரைக் கண்டாலே மேடத்தின் பின்னங்கால் தானாக எழுந்துவிடும். அதிலிருந்துதான் நம்மவரும் தன் தோலில் படாத எதையும் மேடத்தின் தோலில் படவிடுவதில்லை.

இதெல்லாம் கால்நடைக் கண்காட்சிக்காக. முடியைக் கழித்து, உடற்கட்டும் மடியும் தெளிவாகத் தெரிந்தால்தான் அங்கே உள்ளே விடுவார்கள். மேடமோ முடி மண்டிப் போய், "இது பசுவா, கரடியா?" என்ற கேள்வியோடு ஒவ்வொரு முறையும் வாசலிலேயே திரும்பி வந்தார். இந்தத் தடவையும் அப்படியே கூட்டிவந்தால் இனிமேல் பெயரே சேர்க்க மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அழகில் மேடத்துக்கு இணையே கிடையாது என்பது அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாமா? அந்த ஏக்கம் அவருக்குச் சோறு இறங்கவிடவில்லை.

கண்காட்சியின் பரிசுக் கோப்பை வழக்கமாகப் போவது பக்கத்து வீட்டுக்கு. அங்கே இருப்பவர் மனைவியின் அண்ணன். ஜெயித்ததை அலமாரியில் வைத்துப் பூட்டுகிற ஆளா அவர்? வேலியில் சாய்ந்துகொண்டு அந்தக் கோப்பையிலேயே டீ குடிப்பார். "மாப்ளே, ஒரு வாய் குடிக்கிறீங்களா? கப்பு பெரிசுதான்" என்று உபசாரம் வேறு. போன வாரம் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "உங்க மேடம் மட்டும் மெஷினுக்கு அசையாம நின்னுட்டாங்கன்னா, நான் என் மீசையை எடுத்துடறேன்!" அவர் மீசையும் லேசுப்பட்டதல்ல.

நம்மவரின் கணக்கு எளிமையானது. சத்தம்தான் மேடத்தைப் பயமுறுத்துகிறது. ஆகவே சத்தமே இல்லாத கிளிப்பர் வேண்டும். கன்னமும் காதும் கையுமாக அலைந்து, கடைசியில் பேட்டரியில் ஓடும் ஒன்றைப் பிடித்தார். ஓடுகிறதா இல்லையா என்று அதையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு சாது. அதை எடுத்துக்கொண்டு மேடத்தின் பக்கம் பூப்போலப் போனார். அரவமே இல்லாமல் பின்னால் வந்து ஒன்று விலாவைத் தொட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? மேடம் விட்ட உதையில் பக்கெட் வேலியைத் தாண்டிப் பறந்தது.

"மாப்ளே!" அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பக்கெட் வந்து சேர்ந்திடுச்சு. மேடம் எப்போ வர்றாங்க?"

விடிந்தால் கண்காட்சி. பேட்டரி மெஷினைத் திருப்பிக் கொடுக்க அவர் மறுபடி கடைக்குப் போனபோது, மனைவியும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டாள். அவர் துவண்ட முகத்தோடு அடுத்த பெட்டிக்காகக் கையைச் சுருட்ட, அவள் பார்வை, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த ஒரு கனத்த பழைய கிளிப்பரில் நின்றது.

"இது ஓடுமா?"

"ஓடும்மா. ஆனா வேணாம், கடையே ஆடும்."

"ஆடட்டும், போடுங்க."

போட்டார்கள். டடடடவென்று அது கிளப்பிய இரைச்சலில் மேஜைமேல் இருந்த திருகாணிகள் துள்ளின. கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். மனைவி கைகொட்டிச் சிரித்தாள். "என்னங்க! இது அப்படியே நம்ம கறவை மெஷின் சத்தம்ங்க! இதைக் கேட்டாலே மேடம் கண்ணைச் சொக்கிக்கிட்டு அசைபோட ஆரம்பிச்சிடுவாங்களே!"

பால் கறப்பது எப்போதும் அவள்தான். அந்த நேரத்தில் அவர் கொல்லையில் தீவனம் வெட்டிக்கொண்டிருப்பார்.

"இதை ஏன் நீ இத்தனை நாளா சொல்லலை?"

"நீங்க எங்கே கேட்டீங்க? மாட்டுக்கு மெஷின் வாங்கறேன்னுட்டு உங்க காதுலதானே வச்சு வச்சுப் பார்த்தீங்க!"

வழியெல்லாம் இருவரும் மாறி மாறி டடடட என்று கத்திக்கொண்டே வந்தார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கையில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச முடியில் பிளேடைப் பரீட்சை செய்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விலாவில் வைத்தார். மேடம் திரும்பிப் பார்த்தார். கால் எழவில்லை. கண் சொக்கியது, தாடை அசைந்தது. இது போதாதென்று கறக்கிற நேரம் வந்துவிட்டதாகவே நினைத்து, காம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பாலையும் விட்டார். "ஐயோ, என் கால்மேலேயே விடறாங்க!" என்று மனைவி குதித்தாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. விலா, வயிறு, தொடை என்று முடி கொத்துக் கொத்தாக விழ விழ, கரடிக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு மகாராணி வெளியே வந்தார்.

வேலியோரம் மச்சான் கோப்பையும் கையுமாக நின்றார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

இனி மடி மட்டும் பாக்கி. அங்கே முடி மெல்லிசு, தோல் அதைவிட மெல்லிசு. நுண்ணிய பிளேடை மாட்டிக்கொண்டு அவர் பழக்கப்படி கையைச் சுருட்டினார். இடது கையில் ஒரு முடி மிச்சமில்லை. வலது கையைக் காட்டினார்.

"கைத்தோலும் மடித்தோலும் ஒண்ணாங்க?" என்றாள் மனைவி. "காய்ச்சுப்போன கை. அதுக்குச் சூடு தெரியுமா? மெல்லிசான தோல்லதானே பார்க்கணும்!"

அவர் மெஷினோடு அப்படியே யோசித்து நின்றார். பார்வை மெல்ல உயர்ந்து வேலிப் பக்கம் போனது. மச்சானுக்குத் தான் விட்ட சவால் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கோப்பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். "மாப்ளே, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது!"

ஆனால் நம்மவர் மச்சானைக் கவனிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து குட்டிச் சீப்பை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். டடடடவென்று அதிர்ந்துகொண்டிருந்த கிளிப்பரைத் தூக்கி, மூக்குக்குக் கீழே வைத்து, ஓர் இழு இழுத்தார். பிடுங்குகிறதா, சுடுகிறதா என்று கண்ணை மூடிக் கவனித்தார். பாதி மீசையோடு, "சுடலை மேடம்" என்று சொல்லிக்கொண்டே மடியருகில் குனிந்தார்.