பிலோமினா அக்காவின் மூக்கு

"பிலோமினா அக்கா போயிட்டாகண்ணே" என்று செல்வி போனில் அழுதாள். மண்டபம் ஊரில் இறால் கம்பெனியில் நம்மோடு வேலை பார்த்தாளே, அந்தச் செல்விதான். எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் தங்கச்சிமடம் கல்லறையில் நம் பழைய மேனேஜர் அக்காவைப் பற்றி, "அதுக்கு மோப்பம் பழக்கினதே நான்தான்" என்று பெருமையாகப் பேசியதும் உடம்பெல்லாம் எரிந்தது. கம்பெனியில் கூட வேலை பார்த்த நீங்களும் கேட்டுக்கொண்டுதானே நின்றீர்கள்?

அடப்பாவி மனுசா! இறால் கூடையை இறக்கும்போதே மோந்து பார்த்து, "இது காலையில பிடிச்சது, அது நேத்தைக்குள்ளது, ஐஸைப் போட்டு ஏமாத்துறாய்ங்க" என்று சொல்லிவிடுவார் அக்கா. ரகம் பிரிக்கும் மேசையில் அவர் சொல்தான் முடிவு. இதில் இவர் எதைப் பழக்கினாராம்?

அந்தக் கிறிஸ்துமஸ் விருந்து உங்களுக்கு நினைவிருக்கும். நண்டுக் குழம்பும் சீலாமீன் வறுவலும் அக்காவின் சமையல். நம்மிடம் இறால் வாங்கும் வெள்ளைக்காரர் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஒன்று நுரைக்கும் ஒயின். மற்றது பல வருஷம் வைத்திருந்த வெள்ளை ஒயின், நல்லெண்ணெய் நிறத்துக்கு மாறியிருந்தது. மேனேஜர் நுரைத்ததைக் குடித்துவிட்டு "பிரமாதம்" என்றார். ஒயினையே கண்டிராத நானும் "பிரமாதம் சார்" என்றேன். மேனேஜர் பழையதைக் காட்டி, "கெட்டுப்போனதை நம்ம தலையில கட்டுறான்" என்று என் காதைக் கடித்தார்.

வெள்ளைக்காரர் சமைத்தவரையும் கூப்பிட்டு இரண்டிலும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். அக்கா முகர்ந்தார். "நுரைக்கிறதுல நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது, வேணாம். பழசு நல்லாருக்கு. தேனும் வறுத்த முந்திரியுமா மணக்குது. நண்டைத் தின்னுட்டு ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"மீன்காரிக்கு என்னடி ஒயினைப் பத்தித் தெரியும்? பேசாம இரு" என்றார் மேனேஜர்.

அந்த அம்மா என்ன சொன்னார் என்று வெள்ளைக்காரர் என்னிடம் கேட்டார். அங்கே இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்கள் மேனேஜரும் நானும்தான். மேனேஜர் என்னை முறைத்தார். "இரண்டுமே நன்றாக இருக்கிறதாம்" என்று சொன்னேன்.

வெள்ளைக்காரர் நம்பவில்லை. அக்காவின் முகச் சுளிப்பைப் பார்த்துத் தானே முகர்ந்தார். உடனே, கெட்டுவிட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு நுரைத்ததை அப்புறப்படுத்தினார். "எனக்கும் அப்பவே சந்தேகம்தான்" என்றார் மேனேஜர், வெட்கமே இல்லாமல்.

விடுமுறை முடிந்ததும் அக்காவை ரகம் பிரிக்கும் மேசையிலிருந்து இறால் தலை கிள்ளும் கொட்டகைக்கு மாற்றினார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தார். விரல்கள் வெடித்துப் புண்ணாகிக் கிடந்தன. ஒரே ஒருமுறை என்னிடம் கேட்டார்: "ஏலே தம்பி, நான் சொன்னதை அப்படியே சொல்றதுக்கு உனக்கு என்ன வலிச்சுச்சு?"

எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. அதுதான் இன்றுவரை எரிகிறது. கல்லறையிலும் அந்த ஆள் பேசப் பேச வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன், தூ!

அக்கா எனக்கு விட்டுப்போனது நான் விழுங்கிய அந்தப் பேச்சை மட்டும்தான். இப்போதாவது உங்கள் எல்லோர் முன்னாலும் துப்புகிறேன்: நுரைத்தது கெட்டிருந்தது. பழையது நன்றாக இருந்தது. கண்டுபிடித்துச் சொன்னவர் பிலோமினா.