கயிலாயத்துக்கு என்னை வழியனுப்பத் துடித்தவன்

அடியார்களே, இந்தச் சாட்சியை அருவருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஈசன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், செந்தில் எனக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளை இல்லை. கணவர் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அவர் பங்கு நிலமும், பூஜை அறையில் அவர் மாட்டி வைத்த கயிலாய மலைப் படமும்தான். கண்ணை மூடும்வரை அந்தப் படத்தைப் பார்த்து, ஒரு தடவையாவது போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக நான் போய், மானசரோவர் தீர்த்தம் கொண்டுவந்து எங்கள் ஊர்ச் சிவனுக்கு அபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டேன்.

ஊரே பயமுறுத்தியது. அங்கே மூச்சு முட்டும், ரத்தம் உறையும், இந்த வயதில் எதற்கு என்றார்கள். என் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடும் மாரியம்மாள் அழுதேவிட்டாள். ஒருவன் மட்டும் போயே ஆக வேண்டும் என்றான். அவன்தான் செந்தில். என் கணவரின் அண்ணன் மகன், கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவன். மேடையில் சாமி இல்லை என்று தொண்டை கிழியப் பேசுகிறவன், எனக்காக யாத்திரை ஏஜென்ட்டிடம் நாயாக அலைந்தான். பாஸ்போர்ட்டுக்குக் கூட்டிப் போனான். தடித்த ஸ்வெட்டரும் கைத்தடியும் வாங்கி வந்தான். பெறாத பிள்ளை என்று நான் உருகிப்போனேன். என் புத்தியை என்ன சொல்ல!

போவதற்கு முன் மலை ஏறிப் பழக வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? திரும்பிய பக்கமெல்லாம் வயல். உயரமென்றால் செந்திலின் மாடி வீடு ஒன்றுதான். அவனே கூப்பிட்டு, எங்கள் வீட்டுப் படியில் ஏறி இறங்குங்கள் சித்தி என்றான். தினமும் காலையில் ஏறி இறங்கினேன். நெஞ்சில் லேசாகப் பிடிக்கும். பழக்கமில்லாததால் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மொட்டைமாடிவரை ஏறினேன். வீட்டுக்குப் பின்னால் என் வயல், நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. பயிரை மிதித்துக்கொண்டு செந்தில் உள்ளே நிற்கிறான். கூட இரண்டு பேர், கையில் டேப். என் நிலத்தை அளக்கிறார்கள். வரப்பில் நின்ற மாரியம்மாளைக் கையை ஆட்டி விரட்டுகிறார்கள். நான் இறங்கிப் போவதற்குள் அவள் அழுதுகொண்டே எதிரில் வந்தாள்.

"அக்கா, மலைக்குப் போனா நீங்க திரும்பி வர மாட்டீங்களாம். மனை போடப் போறாங்களாம். இப்பவே வேற வேலை தேடிக்கச் சொல்லுறாங்க."

பிள்ளை இல்லாத நான் போய்விட்டால் நிலம் அவன் கைக்குத்தான் போகும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை அவன் வீட்டில் குடித்த காப்பி தொண்டைக்கு வந்தது. வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். த்தூ! நிலத்துக்காக வெட்டிக்கொண்டு செத்தவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அவர்களாவது எதிரே வந்து நின்றார்கள். இவன் ஸ்வெட்டர் போட்டு அனுப்பி வைக்கிறான். மறுநாள் கூசாமல் வந்து, வழியனுப்பு விழாவுக்கு வைக்கப்போகும் ஃப்ளெக்ஸை போனில் காட்டினான். நடுவில் என் படம், சுற்றிலும் பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கண்ணீர் அஞ்சலி என்று எழுதாததுதான் பாக்கி.

போகாமல் நின்றால் கணவருக்காக வேண்டிக்கொண்டது பொய்யாகிவிடும். போய்த் திரும்பாவிட்டால் மாரியம்மாள் குடும்பம் தெருவில் நிற்கும். யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை. பிரதோஷத்தன்று கூட்டம் கலைந்த பிறகு நந்திக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். "அப்பா, நான் வரவா வேண்டாமா, நீ சொல்லு. இவன் சொல்லி நான் வர மாட்டேன்."

அடுத்த வாரமே யாத்திரைக்கான மருத்துவப் பரிசோதனை வந்தது. சர்டிபிகேட் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று செந்திலே காரில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனான். வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன். அவன் பக்கம் திரும்பவே கூசியது. டிரெட்மில்லில் நடக்கவிட்டவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதயத்தில் பெரிய அடைப்பு. அங்கேயே சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்தபோது டாக்டரம்மா பக்கத்தில் நின்றார்கள், செந்திலும் நின்றான்.

"மலையெல்லாம் வேண்டாம்மா, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வீட்டுலயே போயிருப்பீங்க. உங்களக் கூட்டிக்கிட்டு வந்தவருக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும்" என்றார்கள்.

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பனே, கேட்ட கேள்விக்கு இவனை வைத்தா பதில் சொன்னாய்!

வீடு திரும்பியதும் முதல் வேலையாக மாரியம்மாள் பெயரில் குத்தகையைப் பதிவு செய்தேன். எனக்குப் பின் நிலம் அவளுக்கே என்றும் எழுதி வைத்துவிட்டேன். அந்த யாத்திரைக் குழுவில் போய்வந்த ஓர் அம்மா தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் சிவனுக்கு அபிஷேகம் செய்ய என் கையால் எடுத்துக் கொடுத்தேன். கணவருக்காக வேண்டிக்கொண்டதும் நிறைவேறிவிட்டது.

செந்திலைப் பார்த்தால் இன்னும் குமட்டத்தான் செய்கிறது. இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஈசனிடமும் சொல்லிவிட்டேன், இந்தக் குமட்டலை என்னைவிட்டு எப்போது எடுப்பது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். நீங்களும் மனம்விட்டு அவரிடம் கேளுங்கள். பதிலை யார் கையால் கொடுத்து அனுப்புவார் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

டாக்டர் சொன்னபடி தினமும் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். மார்கழிப் பனிக்கு அந்த ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் செந்தில் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது சித்தி என்று கேட்டான்.

"நல்லா இருக்கேன் தம்பி. நீ வாங்கிக் குடுத்தது இன்னும் பத்து வருஷத்துக்குத் தாங்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.