அம்மாவின் கன்னத்துக் கலங்கள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே உயிரியல் வகுப்பு நடத்துகிறேன் என்பதில் எனக்குப் பெருமை அதிகம். அன்று உயிரணு எனப்படும் கலத்தின் அமைப்பைக் காட்டுவதற்கு யாராவது ஒருவருடைய கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்ட வேண்டியிருந்தது. மாணவிகள் கூச்சப்பட்டார்கள்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு அம்மா வந்தார். "என்ரை வாயிலை எடு பிள்ளை. கதைச்சுக் கதைச்சுத் தேஞ்ச வாய்தானே."

கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படை இருந்தது. "சுண்ணாம்பு சுட்டது" என்றார். நானும் நம்பி, அதிலேயே சுரண்டிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.

கன்னக் கலத்தில் கரு சிறு புள்ளியாகத்தான் தெரியும். இங்கே பல கலங்களில் அது பெருத்து, கறுத்து, கோணலாகக் கிடந்தது. புற்றுநோயாக மாறும் கலங்கள் இப்படித்தான் இருக்கும் என்று போன கிழமை நானே படிப்பித்திருந்தேன்.

அம்மா என்னை விலத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "நடுவிலை பெரிசாய் ஒண்டு நிக்குது. அதுதான் நல்ல வடிவு, என்ன பிள்ளை?"

"ஓம் அம்மா" என்றேன்.

விடிந்ததும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் மாணவிகள் பார்ப்பதற்கு வரிசையாக நின்றுவிட்டார்கள். நான் படிப்பித்தது ஒருத்திக்கும் நினைவில் இருக்கக் கூடாது என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.