ஊர் ரேட்டுக்கு ஒரு சவாரி

துறைமுக வாசலில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டில் மொத்தம் இருபத்திரண்டு வண்டிகள். எட்டாம் நம்பர் வண்டி இசக்கிச்செல்வியுடையது. 'எட்டாம் நம்பர்' என்று சொல்லும்போதே அவள் கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும், அந்த நம்பருக்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஏரலுக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஊர் அவளுக்கு. கரி லாரி ஓட்டும் சுடலைக்கண்ணுவுக்கு வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்தாள். லாரியிலேயே அலைந்து அவன் இடுப்பு போன பிறகு, இவள் லைசென்ஸ் எடுத்து ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தாள். முதல் ஒரு வருசம் ஸ்டாண்டில் அவளை யாரும் ஆளாகவே மதிக்கவில்லை. வரிசையின் கடைசியில், புளியமரத்துக்கும் அப்பால், வெயிலில் நிறுத்தச் சொன்னார்கள். அங்கே நின்றால் சவாரி கிடைக்காது. காலையில் ஒன்றாம் நம்பரில் முறை தொடங்கும். கப்பல் குறைந்த நாளில் பத்து வண்டி போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவளும் விடாமல் நின்றாள். ஆட்கள் விலக விலக, முன்னால் நகர்ந்து நகர்ந்து, ஆறு வருசத்தில் எட்டுக்கு வந்தாள். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், எட்டு என்று எழுதிய மஞ்சள் ஸ்டிக்கரைத் தினமும் முந்தானையால் துடைப்பாள்.

அந்த ஸ்டாண்டுக்கு என்று ஒரு சட்டம் உண்டு. வாசலில் இருந்து டவுனுக்கு ஊர்க்காரர் போனால் இருநூற்றைம்பது. அதே தூரத்துக்குக் கப்பல்காரர் போனால் எண்ணூறு. இதற்குக் 'கப்பல் ரேட்டு' என்று பெயர். யாராவது கப்பல்காரனிடம் குறைத்து வாங்கினால், அவருடைய நம்பர் போய்விடும், வண்டி இருபத்திரண்டாவது இடத்துக்குப் போய்விடும். ஒரே ஒரு விலக்குதான். சொந்தக்காரர்களை ஏற்றினால் அது வீட்டுச் சவாரி, அதற்கு எந்த ரேட்டும் இல்லை.

இது நியாயமா என்று கேட்டால் ஸ்டாண்டு தலைவர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். "நாலு மணி நேரம் வெயில்ல காத்துக் கெடந்து ஒரு சவாரி எடுக்கோம். ஊர்க்காரன் பத்து ரூவாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிப்பான். டாலர்ல சம்பளம் வாங்குதவன் குடுத்தா கொறஞ்சா போவான்?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கப்பலில் துரு சுரண்டுகிற பையனுக்கு எத்தனை டாலர் கிடைக்கும், அதை நம்பி ஊரில் எத்தனை வாய் இருக்கும் என்று எண்ணிப் பார்க்க ஸ்டாண்டில் யாருக்கும் நேரம் இல்லை. இசக்கிச்செல்விக்கும் இல்லை. சொல்லப்போனால் கப்பல் ரேட்டை அவளைப் போல் கூசாமல் கேட்பவர் யாரும் கிடையாது.

போன மாசி மாதத்தில் ஒரு நாள், மூன்று மணி இருக்கும், வாசலில் இருந்து ஒருவன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கறுத்த முகம், தொப்பி, கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. கழுத்தில் கப்பல்காரர்களுக்குக் கொடுக்கும் பாஸ். "ரோச் பார்க். கோ அண்ட் கம்" என்றான்.

"எய்ட் ஹண்ட்ரட், எய்ட் ஹண்ட்ரட்" என்று இரண்டு கையாலும் போக வர என்று காட்டினாள் இசக்கிச்செல்வி.

அவன் மறுபேச்சுப் பேசாமல் ஏறிக்கொண்டான். பேரம் பேசாதவனைக் கண்டால் அவளுக்கு மகிழ்ச்சியும் வரும், கூடவே ஒரு வருத்தமும் வரும், இன்னும் கேட்டிருக்கலாமே என்று. அந்த வருத்தத்தைச் சொல்ல ஆள் வேண்டுமே. ஒன்பதாம் நம்பர் ஸ்டெபினுக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

"ஏலே ஸ்டெபின், எந்த நாட்டுக்காரன்னு தெரியலல. பங்களாதேசா, மாலத்தீவான்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியல. ஆயிரத்தி அறுநூறுன்னேன், வாயத் தொறக்காம ஏறி உக்காந்துட்டான். ரெண்டாயிரம் கேட்டிருக்கணும்."

"பாவம்க்கா, சின்னப் பையனாட்டம் தெரிஞ்சுது. கொஞ்சம் கொறச்சு வாங்குங்க."

"கொறச்சா அண்ணாச்சி என் நம்பரப் புடுங்கிருவாரு. நம்ம ஊர்க்காரன்னா மனசு கேக்காது. இவன் யாரோ எவனோ. இன்னைக்கு ராத்திரி கப்பலேறிப் போயிருவான். ஊரு பேரு இல்லாத பயகிட்ட வாங்குனா என்னல பாவம்?"

கண்ணாடியில் பார்த்தாள். அவன் வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊமைக் கோழி என்று அதையும் ஸ்டெபினிடம் சொல்லிச் சிரித்தாள்.

ரோச் பூங்கா வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. நல்ல நாளுக்குக் கட்டுகிற சேலை, கையில் தூக்குச்சட்டி. வருகிற வண்டியையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இறங்கித் தொப்பியைக் கழற்றினான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, நான்தான். கஜீபன்."

அந்தப் பெண் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "இவ்வளவு உசரமா வளந்துட்டியாடா" என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் பேசியது தமிழ் என்று இசக்கிச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. தான் போனில் பேசிய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்தது. ஊரு பேரு இல்லாத பய. ஊமைக் கோழி. ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடலாம் போல் இருந்தது, ஆனால் அவனைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டுமே.

அக்காவும் தம்பியும் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிளாஸ்டிக் பையில் இருந்து அவன் சேலையும் சோப்பும் சாக்லேட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் அந்த அக்கா ஒரு தட்டில் சோறும் கணவாய்க் கறியும் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கே வந்துவிட்டாள். பெயர் சுகந்தினி என்றாள்.

"நீங்களும் சாப்பிடுங்க. எவ்வளவு நேரந்தான் சும்மா இருப்பீங்க."

இசக்கிச்செல்வி தட்டை வாங்கிக்கொண்டாள். சாப்பிடச் சாப்பிட சுகந்தினி பேசினாள். சண்டைக்குப் பயந்து கடல் கடந்து வந்த குடும்பம். எட்டயபுரம் பக்கத்து முகாமில்தான் இருந்தார்கள். இவளுக்கு அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது. சண்டை முடிந்த பிறகு அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குத் திரும்பிப் போனாள். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா செத்ததற்குக்கூட இவளால் போக முடியவில்லை. பதினாறு வருசம் கழித்து இன்றைக்குத்தான் பார்க்கிறாள், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு.

"இவன் பொறந்ததே இங்கதான், உங்கட பெரியாஸ்பத்திரியில. நான்தான் வராண்டாவுல தூக்கி வச்சிட்டு நின்னேன்" என்றாள் சுகந்தினி.

இசக்கிச்செல்வி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். அவள் பிறந்தது ஏரல் பக்கம். பிறப்பை வைத்துப் பார்த்தால் அந்த ஆட்டோவில் வந்த இருவரில் வெளியூர்க்காரி அவள்தான்.

ஐந்தரை மணிக்குக் கிளம்பினார்கள். சுகந்தினி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். பிறகு விட்டுவிட்டாள். உப்பளம் வந்ததும் இசக்கிச்செல்வி கேட்டாள்.

"தம்பி, நான் போன்ல பேசுனதெல்லாம் கேட்டியளா?"

"ஓம் அக்கா."

"ஒரு வார்த்த தமிழ்ல சொல்லியிருந்தா நான் வாய மூடியிருப்பம்லா."

"வாசல்ல தமிழ் கதைச்சா ஆயிரம் கேள்வி கேப்பாங்கள் எண்டு ஒரு பயம். பாஸைப் பறிச்சிட்டா அக்காவைப் பாக்கேலாது. அதுதான் வாயைத் திறக்கேல்ல. நீங்க சொன்னதுல பிழை ஒண்டும் இல்லை. யாரோ எவனோ தானே."

இசக்கிச்செல்வி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்ன மன்னிச்சிருங்க தம்பி" என்றாள். அவனுக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது.

"ஊர்க்காரருக்கு எவ்வளவு அக்கா?" என்று கேட்டான்.

"இருநூத்தம்பது."

"அதை என்னட்ட வாங்குவீங்களா? காசை மிச்சம் பிடிக்கக் கேக்கேல்ல. மன்னாருல என்னை இந்தியாக்காரன் எண்டு கூப்பிடுவாங்கள், நான் கதைக்கிறது இந்தியா ஆக்கள் மாதிரியாம். கப்பல்ல சிலோன்காரன். இங்க கப்பல்காரன். ஒருக்கா ஊர் ரேட்டுக்குப் போய்ப் பாக்கோணும் எண்டு ஆசை." சொல்லிவிட்டு உடனே தலையை ஆட்டினான். "வேண்டாம், வேண்டாம். உங்கட நம்பர் போயிரும் எண்டு சொன்னீங்க. மறந்திட்டன்."

அவள் வண்டியை எடுத்தாள்.

வாசலில் ஸ்டாண்டே நின்றுகொண்டிருந்தது. சாயங்கால டீ நேரம். அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கஜீபன் இறங்கி, எல்லாரும் பார்க்கட்டும் என்றே ஆயிரத்து அறுநூறை எண்ணி நீட்டினான். இசக்கிச்செல்வி அதில் இருந்து ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை உருவினாள். மீதியை அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"ஏளா செல்வி, என்ன வாங்குன?" என்றார் அண்ணாச்சி.

"போக வர ஊர் ரேட்டு அண்ணாச்சி."

"கப்பக்காரன்லா? கழுத்துல பாஸ் தொங்குதே."

"நம்ம பெரியாஸ்பத்திரில பொறந்தவன் அண்ணாச்சி. ஊர்க்காரன்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. இந்தப் பெண் எட்டாம் இடத்துக்கு வந்த கதை அவருக்குத் தெரியும். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"அவன் ஒனக்கு என்ன வேணும்? சொந்தக்காரன்னா சொல்லிரு. வீட்டுச் சவாரின்னு விட்டுருவோம், பிரச்சின முடிஞ்சுது."

தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும், எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஆறு வருசம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. புளியமரத்துக்கு அப்பால் இருந்த அந்த வெயிலும் தெரிந்தது.

"சொந்தக்காரன் இல்ல அண்ணாச்சி" என்றாள். "சொந்தக்காரன்னு சொல்லிட்டா அவன் ஊர்க்காரன் இல்லன்னு ஆயிரும்லா."

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "அப்ப சட்டம் சட்டந்தான்ளா. ஒன்னைய விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கத சொல்லுவான்."

"தெரியும் அண்ணாச்சி."

அவள் வண்டிக்குப் போய்க் கண்ணாடியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். ஆறு வருசத்தில் கிடைத்த ஸ்டிக்கர், லேசில் வரவில்லை. ஸ்டெபின் வந்து ஒரு பக்கம் பிடித்தான். "வேண்டாம்ல, போ" என்று அவனைத் தள்ளிவிட்டாள்.

கஜீபன் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தான். காவலர் பாஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பி ஸ்டாண்டைப் பார்த்தான். ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்குவதைப் பார்த்தான். நாள் முழுக்கப் பயந்து பயந்து வாயை மூடியிருந்தவன், அந்தக் காவலர் பக்கத்தில் நிற்கும்போதே, தொண்டை கிழியக் கத்தினான்.

"அக்கா, போயிட்டு வாறன்!"

காவலர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பாஸை அவன் கையில் கொடுத்தார்.

"பைய போயிட்டு வாங்க தம்பி" என்று இவளும் கத்தினாள். அழுதுகொண்டே மிச்ச ஸ்டிக்கரையும் உரித்து எடுத்து, வண்டியைக் கிளப்பி, மற்ற இருபத்தோரு வண்டிகளையும் தாண்டிக் கடைசியில், புளியமரத்துக்கும் அப்பால் கொண்டுபோய் நிறுத்தினாள்.