கந்தசஷ்டியில் தொக்பொக்கி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இலையுதிர்கால விடுமுறையில் ஐந்து நாள் அம்மாவின் நாக்காக வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது, நாளுக்கு இரண்டு மீன் அப்பம்.

அம்மா ஜெர்மனியில் ஆஹென் நகரத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையில் சமையலுக்கு நின்றார். கடை என்றால், நாலு பேர் நின்றபடி சாப்பிடக்கூடிய ஒரு பொந்து. கையில் காசில்லாத மாணவர்கள்தான் வருவார்கள். வசந்தத்தில் பூங்காவுக்குக் கொண்டுபோகச் சோற்றுச் சுருள், கோடையில் சீவிய பால் ஐஸ், குளிர் தொடங்கினால் மீன் அச்சில் வார்த்த அப்பம். அந்த மீனுக்குள் மீனே கிடையாது, சிவப்புப் பயறும் சீனியும்தான். ஆனால் வருடம் முழுக்க ஓடுகிற தொக்பொக்கி இருக்கிறதே, விரல் நீள அரிசிமாத் துண்டுகளை உறைப்புக் குழம்பில் கொதிக்கவைப்பது, அது பார்வைக்கு மட்டும்தான் சைவம். குழம்பின் அடியில் இருப்பது நெத்தலிக் கருவாடு அவித்த தண்ணீர்.

சிக்கல் அங்கேதான். எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும் என்று அம்மா அந்த வருடம் கந்தசஷ்டி விரதம் பிடித்தார். ஆறு நாளும் பாலும் பழமும்தான். லீவெல்லாம் கோடையிலேயே முடிந்திருந்தது. குழம்பை ருசி பார்க்காமல் இறக்கவும் முடியாது.

"நீ வந்து ருசி பார்த்துச் சொல்லு பிள்ளை. என்ரை வாயாலை ஏலாது" என்றார். தம்பிக்குப் பெயரே யோசித்து வைத்திருந்த நான் உடனே சம்மதித்தேன்.

"உப்புக் காணுமோ?"

"காணும்."

"இனிப்பு?"

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ, அம்மா."

இனிப்பு எனக்கு எப்போதும் இன்னும் கொஞ்சம் வேண்டும். மூன்றாம் நாள் முதலாளியம்மா, வாய் அதிராத ஒரு கொரியப் பெண், இப்போது இங்கே கேக்கும் விற்கிறோமா என்று ஜெர்மனில் கேட்டார். அம்மா மன்னிப்புக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். ஒன்றுமே பிடிபடவில்லை. அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று, எல்லாம் சரி என்றேன். முதலாளியம்மா ஒரு கரண்டி குடித்துவிட்டு, "உப்பு எங்கே?" என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அகப்பையை எடுத்துத் தானே குடித்தார். உப்புப் போட்டார். மறுபடியும் குடித்தார். வரிசை குறைந்ததும் ஒரு கடதாசிக் குவளை நிறையத் தொக்பொக்கியை அள்ளிக்கொண்டு, வெங்காய மூட்டைமேல் குந்தியிருந்து கடைசித் துண்டுவரை சாப்பிட்டார்.

"அம்மா! விரதமெல்லோ!" என்று கத்தினேன்.

"சாப்பிட விடு பிள்ளை. சரியாக் களைச்சுப் போனன்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் கோள் மூட்டினேன். அப்பா படுத்திருந்த அம்மாவுக்குச் சுடுதண்ணீர்ப் பை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். விரதத்தை முறித்தவருக்கு இப்படி ஒரு உபசாரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி வரவேயில்லை. என் நாக்கால்தான் வரவில்லை என்று வருடக்கணக்கில் நம்பினேன், ஒருவரிடமும் சொல்லவில்லை. பதினாறு வயதில் ஒருநாள் தாங்காமல் அழுதபடி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா வேலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒற்றைச் சப்பாத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அடி விசரி, இதையோ இவ்வளவு காலமும் வைச்சுக்கொண்டு திரிஞ்சனி? அந்த மாதம் எனக்குப் பத்து நாள் தள்ளிப் போயிருந்தது. முருகன் தந்திட்டான் எண்டுதான் இருந்தன். அண்டைக்கு விடியவே மாதத் துடக்கு வந்திட்டுது. பிறகு ஆருக்கு விரதம்? பசிச்சுது, சாப்பிட்டன்."