விரத வீட்டில் ஓர் அசைவச் செடி

விதை வந்த உறையைத் திறந்தபோது நன்றாக ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மடித்த மெழுகுத்தாளுக்குள் மூக்குப்பொடி மாதிரி கறுப்பாய் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தும்மினால் போச்சு. இணையத்தில் விற்றவர் ஏகப்பட்ட நிபந்தனைகள் போட்டிருந்தார்: மண் போட்டு மூடாதே, மேலாகத் தூவு, வெளிச்சத்தில் வை, உரம் காட்டாதே, மழைத்தண்ணீர் தவிர எதையும் ஊற்றாதே. எது கொடுத்தாலும் செத்துப்போகிற செடியாக இருக்கிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் விட மனமில்லை. இலை முழுக்கப் பசைத்துளிகளை ஏந்திக்கொண்டு, வந்து உட்காருகிற பூச்சியைத் தின்கிற செடி அது. தமிழில் அழுகண்ணி என்பார்களாம். வாயில்லாமல் எப்படித் தின்னும்? வந்தது பூச்சியா தூசியா என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? ரவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு வேனில் போகும்போதும் வரும்போதும் இதே யோசனை.

பாதி விதையைத் தூவிய முதல் தட்டு அம்மாவின் அன்பால் செத்தது. செம்பனைத் தோட்டத்து வீட்டை விட்டு சுங்கை சோ ஊருக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும், எங்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போனதில்லை. கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும்தான் போகும். புதிதாக ஒரு தட்டைப் பார்த்ததும் அம்மா அதற்கும் ஒரு குவளை ஊற்றிவிட்டார். இரண்டொரு நாளில் மண் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம்.

"பச்சப்புள்ள மாதிரி இருந்துச்சே, கொஞ்சம் சத்து வேணாமா?" என்றார்.

"அதுக்குச் சத்துதாம்மா வெஷம்."

"அப்ப பொழைக்கத் தெரியாத செடி லா அது."

மிச்ச விதையைத் தூவிய இரண்டாவது தட்டை, வாசலில் கார் நிற்கும் இடத்தில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே காவலுக்கு ஆள் உண்டு. அப்பா தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து, காலும் பேச்சும் ஓரளவு தேறிவிட்டன; வலது கை மட்டும் தேறவில்லை. பிசையச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை நாற்காலிக்கு அடியில் உருட்டிவிட்டு, "பந்து வெளையாடற வயசா எனக்கு?" என்பார். அந்தக் கையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அவர் பார்க்கவே இல்லை. அந்தக் கை திரும்ப வரவேண்டும் என்றுதான் அம்மா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டார்.

விதை முளைத்ததும் அம்மா விரதம் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே சமயம். கைப்பேசியைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்: குண்டூசித் தலை அளவு இலை, அதில் இன்னும் சின்னதாகப் பசைத்துளிகள். பிறந்த கையோடு தூண்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆனால் மீன்தான் வரவில்லை. வீடு சைவமாகிவிட்டது, முட்டைக்குக்கூட இடமில்லை. காலையும் மாலையும் வாசல்வரை சாம்பிராணி. அந்தப் புகையில் கொசு, சின்னப் பூச்சி, ஈ எல்லாம் குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டன. அம்மாவுக்கு மகிழ்ச்சி. என் செடிகளோ முளைத்த அளவிலேயே நின்றன. வீட்டில் முறையாகப் பட்டினி விரதம் இருந்தது அவை மட்டும்தான்.

இணையத்தில் தேடியபோது, மீன் தீனியைப் பொடித்துக் கொடுக்கலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். சண்டை மீனுக்குப் போடும் உருண்டைத் தீனி ஒரு சின்னப் புட்டி வாங்கி வந்து, கரண்டியின் முதுகால் நசுக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பல்குச்சி நுனியில் எடுத்தேன். அதற்கு முன் ஒரு சோதனை. ஓர் இலையில் மணல் துகளை வைத்தேன். பசைத்துளி ஏந்திய முடிகள் லேசாக வளைந்தன, பிறகு விட்டுவிட்டன. அடுத்த இலையில் தீனியை வைத்தேன். வளைத்தது, விடவே இல்லை.

அப்பா நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்தார். "சோறா கல்லான்னு தெரியுது லா இதுக்கு," என்றார். நோய் வந்த பிறகு அவராக எதையும் இப்படிக் கேட்டோ சொல்லியோ நான் பார்த்ததில்லை.

நான் வேலைக்குப் போகும் நாட்களில் ஊட்டும் பொறுப்பு அவருக்குப் போனது. முதலில் இடது கையால் குச்சியைப் பிடித்தார். செடி கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. தட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தட்டு இடது கைக்குப் போனது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், குச்சி வலது கையில் இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், கோணலாக. பார்க்காத மாதிரி நேராக உள்ளே போய்விட்டேன். கவனித்துவிட்டேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

அந்த வாரமே அம்மா கரண்டியைக் கண்டுபிடித்தார். நான் கழுவித்தான் வைத்திருந்தேன். விரதக்காரர் மூக்குக்கு அது போதவில்லை.

"இது என்னா கவுச்சி வாட?"

பொய் சொல்லி மறைக்கிற வாடை இல்லை அது. சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"சாமி கோவிச்சிக்கிட்டா யாருக்கு? எனக்கா விரதம் இருக்கேன்? அவரு கைக்குத்தானே."

"அந்தக் கைதாம்மா ஊட்டுது."

அம்மா சன்னலுக்குப் போனார். வெளியே அப்பா குச்சியை இலைக்குக் கொண்டுபோகிறார், கை தவறுகிறது, திரும்பவும் கொண்டுபோகிறார். ஊட்டுவதைத் தடுத்தால் கை நின்றுவிடும். விட்டால் விரதம் போய்விடும். அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. தீனிப் புட்டி குப்பைக்குத்தான் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. அம்மா குளித்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு முடித்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். வெளியே சாக்கடை மேல் மூடியிருக்கும் சிமெண்டுப் பலகையில் ஒரு முக்காலியைப் போட்டுத் தட்டை வைத்தார். தீனிப் புட்டியையும் கரண்டியையும் என்னை எடுத்து வரச் சொன்னார். கடைசியாக அப்பாவின் நாற்காலி, அதன் பின்னால் அப்பா.

"வெரதம் கேட்டுக்கு உள்ளதான்," என்றார் அம்மா. "வெளிய நடக்கறது எனக்குத் தெரியாது."

பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் முருகனோடு இப்படி ஓர் ஒப்பந்தம் போட எங்கள் அம்மாவால்தான் முடியும். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வெயில் ஏறியிருந்தது. அம்மா குடையை விரித்து அப்பாவின் தலைக்கு மேல் பிடித்தார். முகத்தை மட்டும் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பா வலது கையில் குச்சியை எடுத்தார். தீனி தொடையில் விழுந்தது. இன்னொரு முறை எடுத்தார். குடை அசையவில்லை. கடைசியில் நுனி இலையைத் தொட்டது; முடிகள் ஒவ்வொன்றாக வளைந்தன.

"புடிச்சிருச்சு," என்றார் அப்பா.

"கை நடுங்குச்சா?" தெருவைப் பார்த்தபடியே கேட்டார் அம்மா.

"கொஞ்சம்."

அம்மா குடையைக் கை மாற்றிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

"அப்ப இன்னொரு எலைக்கும் வைங்க," என்றார்.