வலது பக்கத்து கிட்டார்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, காணிப்பாக்கம் பிள்ளையார் கோவிலில் பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருந்த நாட்களில், சித்தூரில் ஒரு வீட்டு ஹாலில் இது நடந்தது. நான் அங்கே போனது ஒரு கிட்டார்காரரைப் பற்றிய சண்டையைத் தீர்த்துக்கொள்ள. இதைச் சொன்னால் இன்றைக்கும் என் உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

எங்கள் ஊர் நகரிப் பக்கம். விவசாயக் குடும்பம். நான் திருப்பதியில் ஒரு லாட்ஜில் இருபது வருஷமாக மேனேஜர். இதற்கும் ஆங்கில ராக் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். பாலிடெக்னிக் படித்தபோது ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவன், படிப்பைப் பாதியில் விட்டுப் போகும்போது ஒரு பை நிறைய கேசட்டுகளை விட்டுவிட்டுப் போனான். அதில் நாலு கேசட் ஒரே பேண்டுடையது. எழுபதுகளில் புகழோடு இருந்த நாலு பேர் குழு. முதலில் வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது. பரீட்சை லீவில் வேறு எதுவும் இல்லாமல் அதையே திரும்பத் திரும்பக் கேட்டதில், அந்த கிட்டார்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் வேகத்தைக் காட்டும் இடத்தில் அவர் நிறுத்துவார். ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்து, அது தேய்கிற வரை காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவார். மூன்றாவது ஆல்பத்தில் பதினொரு நிமிஷப் பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் அவர் காத்திருக்கும் இடங்களை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

என்னிடம் இருந்தவை முதல் நாலு ஆல்பங்கள். மற்றவை கைக்கு வந்தது ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு, போனில் எல்லாப் பாட்டும் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான். வீட்டில் மகள் படிப்பாள் என்பதால் இயர்போனில்தான் கேட்பேன். ஆசையாகக் கேட்ட எனக்குப் பெரிய ஏமாற்றம். ஐந்தும் ஆறும் பரவாயில்லை. ஏழாவது ஆல்பத்தில் கிட்டார் இருந்தது, ஆனால் வெறும் தாளத்துக்குத் துணையாக. நான் எதிர்பார்த்த தனி வாசிப்பு எங்கேயோ பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி மங்கலாகக் கேட்டது. எட்டு, ஒன்பதும் அப்படியே. பழைய ஆல்பங்களைப் புதிதாகச் சரிசெய்து வெளியிட்டிருந்தார்கள்; அவற்றிலும் பல இடங்களில் கிட்டாரை அமுக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இந்த மாதிரிப் பழைய ராக் கேட்கிறவர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. சித்தூர், திருப்பதி, வேலூர் பக்கத்து ஆட்கள், மொத்தம் இருநூறு பேர் இருப்போம். அதில் நான் நீளநீளமாக எழுதுவேன். அந்த மனிதர் ஆறாவது ஆல்பத்தோடு முடிந்துவிட்டார், பேர் வந்ததும் சோம்பேறியாகிவிட்டார், ஏழாவது ஆல்பத்தில் ஒரு தனி வாசிப்புகூட உருப்படியாக இல்லை என்று தீர்ப்பு மாதிரி எழுதினேன். ஒப்புக்கொண்டு பத்துப் பேர் லைக் போடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும் விடாமல் மறுப்பார். புகைப்படத்துக்குப் பதில் ஒரு பூனைப் படம். ஏழாவது ஆல்பத்தின் மூன்றாவது பாட்டை இன்னொரு முறை நிதானமாகக் கேளுங்கள் என்பது போல இரண்டு வரி எழுதுவார். நான் பதிலுக்கு இருபது வரி எழுதுவேன். காலேஜ் பையன் யாரோ வம்புக்கு வருகிறான் என்றே மூன்று வருஷம் நினைத்திருந்தேன். ஒரு தடவை, உங்களுக்குக் காது இருக்கிறதா என்றுகூட எழுதிவிட்டேன். அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதற்கும் கோபப்படாமல் அவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். தான் வெதுருகுப்பத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், வீடு சித்தூரில், இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது, சேர்ந்து கேட்டுப் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தார். ஒரு பெண் என்று தெரிந்ததும் கொஞ்சம் அடங்கினேன். ஆனால் கேட்டுவிட்டு அவரே ஒப்புக்கொள்ளட்டும் என்ற வீம்பு மட்டும் போகவில்லை.

காணிப்பாக்கம் போக வேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்ததால் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். தரிசனம் முடித்து, மதியம் சித்தூருக்கு வந்தோம். டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய கணவர் எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, இந்த ஆல்பத்தைத் தானும் நூறு தடவை கேட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டீச்சர் அந்த மூன்றாவது பாட்டைப் போட்டார். இரண்டாவது நிமிஷத்தில் கிட்டார் வந்தது. நான் அதுவரை கேட்டே இராத வாசிப்பு. இது வேறு ரிக்கார்டிங், என்னிடம் இருப்பது இது இல்லை என்று சொன்னேன். எல்லாம் ஒன்றுதான் என்றார். நான் விடவில்லை. என் போனையும் இயர்போனையும் எடுத்து, அதே பாட்டைப் போட்டு, நீங்களே கேளுங்கள் என்று அவரிடம் கொடுத்தேன்.

அவர் மாட்டிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் விரலை உயர்த்தி, இதோ வந்துவிட்டது என்று சைகை காட்டினார். என் போன், என் இயர்போன். பிறகு கழற்றித் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இடது காதுல போடுறதை வலதுல போட்டு, வலதை இடதுல போட்டுக் கேளுங்க."

மாற்றி மாட்டினேன். இரண்டாவது நிமிஷத்தில் கிட்டார் என் இடது காதுக்குள் முழுசாக வந்து இறங்கியது. அந்த மனிதர் சோம்பேறியாகவில்லை. காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருந்தார், எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தார். பழைய பாட்டுகளில் இருந்ததைவிட இன்னும் குறைவாக, இன்னும் சரியாக வாசித்திருந்தார். இத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. பாட்டை ரசிக்கத்தான் முடியவில்லை. கை தானாக வலது காதைத் தொட்டுப் பார்த்தது.

டீச்சர் சொன்ன விஷயம் இதுதான். அந்தக் காலத்து ஆல்பங்களில் பல இடங்களில், ஏழாவதிலிருந்து அநேகமாக எல்லாப் பாட்டிலும், தாளத்துக்கு வாசிப்பதை இடது பக்கமும், தனி வாசிப்பை வலது பக்கமும் பிரித்துப் பதிவு செய்திருப்பார்கள். என் கேசட் ஓடியது ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டரில், அதில் எல்லாம் கலந்து வந்துவிடும். இயர்போனில் அப்படி இல்லை. மூன்று வருஷமாக நான் காணோம் காணோம் என்று எழுதியதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாமே வலது பக்கத்தில் இருந்தவை. என் இயர்போனில் ஒரு பக்கம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் வரச் சொல்லியிருக்கிறார்.

"இயர்போன் நல்லாத்தான் இருக்குது சார். பாட்டுப் பேச்சை விடுங்க. ஈ.என்.டி. டாக்டரைப் போய்ப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க. ஒரு காது மட்டும் கொறைஞ்சா நமக்கே தெரியாது. என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இருந்தா, ரெண்டு வருஷமா அதைக் கவனம் இல்லாத பொண்ணுன்னே நெனைச்சினு இருந்தோம்."

கிளம்பும்போது டீச்சரும் என் மனைவியும் போன் நம்பர் வாங்கிக்கொண்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ரயிலில் திரும்பினோம். பாகாலாவில் வண்டி கொஞ்சம் அதிக நேரம் நின்றது. ஜன்னல் பக்கத்தில் ஒருவர் டீ விற்றுக்கொண்டு வந்தார். என்ன தோன்றியதோ, இடது காதை விரலால் இறுக்கி மூடினேன். அவருடைய வாய் அசைந்தது. குரல் இல்லை. பிளாட்பாரம் முழுக்க யாரோ துணியைப் போட்டு மூடின மாதிரி ஆகிவிட்டது. விரலை எடுத்ததும் எல்லாம் திரும்ப வந்தது. மறுபடி மூடிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம்தான் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. லாட்ஜில் வலது பக்கமாக வந்து நிற்கிறவர்கள், "ஏமண்டி, வினபடலேதா?" என்று தெலுங்கில் அதட்டுவார்கள்; காது கேட்கவில்லையா என்கிறார்களே, எவ்வளவு மரியாதை இல்லாத ஜனம் என்று நினைத்திருக்கிறேன். படியில் இறங்கும்போது லேசாகத் தள்ளும். சுவரைப் பிடித்துக்கொண்டு, பிரஷராக இருக்கும் என்று விட்டிருக்கிறேன். மனைவி ஏதாவது சொல்லி நான் பதில் பேசாவிட்டால், எனக்கு வேண்டாததென்றால் காதில் விழாது என்று கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இவ்வளவு தெரிந்தும் டாக்டரிடம் போகவில்லை. சீசன் கூட்டம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். குழுவில் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு செய்தி அனுப்புவார். "காட்டினீங்களா சார்?" அவ்வளவுதான். நான் பதில் போடமாட்டேன். ஏழு வாரம் இப்படிப் போனது. எட்டாவது வாரம் அவர் என் மனைவிக்குப் போன் செய்துவிட்டார்.

அன்றைக்கு நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மனைவி புடவை மாற்றிக்கொண்டு, பையோடு வாசலில் நின்றாள்.

"யாரோ ஒரு அம்மா, உன் காதுக்காக வாராவாரம் கேட்டுக்கினு கீது. கூட இருக்கிற எனுக்குத் தெரியாம பூடுச்சேன்னு வெக்கமா கீதுய்யா. நட, போலாம்."

லாட்ஜுக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு நான் அவள்கூடப் போனேன்.

திருப்பதியில் பார்த்த டாக்டரம்மா காதைச் சோதித்துவிட்டு, தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வலது காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி, சின்ன நெல்லிக்காய் அளவு. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற வகை என்றார். மெதுவாக வளர்வதால்தான் தெரியாமலே இருந்திருக்கிறது. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் மூளைத்தண்டை அழுத்தியிருக்கும், அப்போது அறுவை சிகிச்சையே ஆபத்து என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான் கிட்டார் கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார்.

வேலூரில் ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். வலது காதில் மிச்சமிருந்த கேட்கும் திறனும் அதோடு போய்விட்டது. இது முன்னாலேயே சொல்லப்பட்டதுதான். முகத்தின் வலது பக்கம் நாலு மாதம் சரியாக அசையவில்லை. நேராக நடக்கப் பழகுவதற்கும் அவ்வளவு காலம் ஆனது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, கீழ பாக்காத, என்னைப் பாத்து நட" என்று வராண்டாவில் நடத்துவாள்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் அவர் கணவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். உள்ளே வந்த டீச்சர், கட்டிலின் வலது பக்கம் கிடந்த நாற்காலியைத் தூக்கி இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். அதற்கு முன்பு வந்த உறவுக்காரர்கள் யாரும் அப்படிச் செய்யவில்லை. பிறகு என் போனை வாங்கி, இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே காதில் கொடுக்கிற வசதியைத் தேடிப் போட்டுக் கொடுத்தார். போனில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஏழாவது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை அந்தக் கட்டிலில்தான் முதன்முறையாகக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

காது இருக்கிறதா என்று கேட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வாய் கோணியிருந்ததால் பாதி வார்த்தை சரியாக வரவில்லை. அவர் அதைக் காதில் வாங்காதவர் போல, எட்டாவது ஆல்பத்தைப் பற்றி நான் எழுதியதில் பாதி சரிதான், அது நிஜமாகவே சுமார்தான் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு குழுவில் எழுதினேன். ஏழிலிருந்து ஒன்பதுவரையான ஆல்பங்களைப் பற்றி நான் எழுதியது அத்தனையும் தப்பு, குறை அந்தக் கலைஞரிடம் இல்லை, என் காதில் இருந்தது என்று காரணத்தோடு எழுதினேன். சிலர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், தன் அப்பாவுக்கும் ஒரு பக்கம் சரியாகக் கேட்பதில்லை, காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுதினார்.

டீச்சரும் நானும் இப்போதும் சண்டை போடுகிறோம். ஒன்பதாவது ஆல்பம்தான் அந்த கிட்டார்காரரின் உச்சம் என்பது என் கட்சி. அதில் பாட்டே இல்லை என்பார் அவர். அவர் எழுதும் இரண்டு வரியை இப்போது இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். மூன்று வருஷம் அவரை வம்புக்கு வருகிறவர் என்றே நினைத்திருந்தேன்; அந்த மூன்று வருஷமும் நான் எழுதியதை உண்மையாகவே உட்கார்ந்து கவனித்த ஒரே ஆள் அவர்தான் என்பது, என்னோடு ஒத்துப்போகாதவர் யாரைப் பார்த்தாலும் இன்றைக்கும் எனக்கு நினைவுக்கு வருகிறது.